அப்பா சொன்ன ஊர்

என் அப்பாவுக்கு இந்தியா என்று சொன்னாலே முகம் சுண்டிவிடும். திருச்சிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர் அவர். மிராசுதார் வீட்டு வைக்கோல்போர் தீப்பிடித்ததற்கு அவருடைய அப்பாவைப் புளியமரத்தில் கட்டிவைத்து அடித்தார்களாம். அடிபட்டவர் அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார். சித்தப்பா ஒருவர் பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு மண்டபம் முகாம் வழியாக இலங்கைக்குக் கப்பலேறினார். அதற்குப் பிறகு அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய தாய் செத்துப்போன செய்தி வந்தபோதும் போகவில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டதோடு சரி.

“அந்தத் தெசையில தலவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்” என்பார்.

அம்மா விடமாட்டாள். “வடக்க தலவச்சு எவனுமே படுக்க மாட்டான். இதுல ஒங்களுக்குன்னு தனியா ஒரு சபதமா?”

அப்பா சிரித்துவிடுவார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த மனுஷன் இந்தியாவுக்குத் திரும்பிப் போகத் துடிப்பவர் என்று பிற்பாடு அரசாங்கம் முடிவு கட்டியது. அதற்கு அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையே சாட்சி என்றது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நாங்கள் இருந்தது இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மேல்மலையில் பறிக்கிற கொழுந்தைத் தலையில் சுமந்து இறக்குவதற்குள் வாடிவிடும். அதனால் சாக்கில் கட்டி இரும்புக் கொக்கியில் மாட்டிக் கம்பியில் விடுவார்கள். நடுவில் இருக்கிற பள்ளத்தைத் தாண்டி மூட்டை தானாகக் கீழே தொழிற்சாலைக்கு இறங்கிவரும். கீழ்முனையில் நின்று அதைப் பிடித்துக் கொக்கியிலிருந்து கழற்றுவது அப்பாவின் வேலை. நல்ல உயரம், நல்ல தோள். மூட்டை வருகிற சத்தத்தை வைத்தே கனம் சொல்லிவிடுவார்.

இலங்கை சுதந்திரம் வாங்கி இரண்டாவது மழைக்காலம் அது. கம்பி நனைந்து வழுக்கியது. ஒரு மூட்டையைக் கழற்றி முடிப்பதற்குள் மேலே இருந்தவர்கள் அடுத்ததை விட்டுவிட்டார்கள். கொக்கி அப்பாவின் இடது காதுக்கு மேலே அடித்தது.

அந்த நேரத்தில் தோட்டத்து லொறி பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. தேயிலைக்கு லொறி, அப்பாவுக்குக் கம்பளி. நாலு பேர் கம்பளியைத் தூளியாகக் கட்டி, மழையில் தூக்கிக்கொண்டு போனார்கள். தோட்டத்து மருந்துக் காம்பராவில், அதாவது மருந்து அறையில், இருந்தவர் டாக்டர் இல்லை, மருந்து கலக்கிக் கொடுப்பவர். நாங்கள்தான் வாய் நிறைய டாக்டரய்யா என்று கூப்பிடுவோம். அவர் தையல் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“மண்டை ஒடையல. கெட்டியான தலை. தையல் காஞ்சதும் வேலைக்கு வரலாம்” என்றார்.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் அப்பா கண் திறக்கவில்லை. திறந்ததும் அம்மாவைப் பார்த்து யாரென்று கேட்டார். சாயங்காலம் சரியாகிவிட்டது, கஞ்சி குடித்தார். துரையும் வந்து பார்த்தார், அப்பாவை அல்ல, கம்பியை. கீழ்முனைக் கட்டையில் சாக்கைத் தடிமனாகச் சுற்றச் சொன்னார். இனி மோதினாலும் கொக்கி வளையக் கூடாதாம்.

அப்பா வேலைக்குப் போனார். தலைவலி வந்தது, வெயில் பட்டால் கண் கூசியது. கோபம் தெரியாத மனுஷனுக்குக் கோபம் வந்தது. சம்பலில் உப்புக் கூடிவிட்டது என்று ஒருநாள் தட்டை விட்டெறிந்தார். பிறகு அவரே உட்கார்ந்து பொறுக்கினார். மற்றபடி ஆள் நன்றாகத்தான் இருந்தார். கணக்குச் சொல்வார், பாட்டுப் பாடுவார், கங்காணியோடு மல்லுக்கு நிற்பார்.

அந்தச் சமயத்தில்தான் பிரஜாவுரிமை விண்ணப்பம் வந்தது. சுதந்திரம் கிடைத்த கையோடு, தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சட்டம் போட்டார்கள். பிறகு, எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய், இங்கேயே நிலையாக இருப்பாயா என்று விசாரித்து, திருப்தியாக இருந்தால் உரிமை தருவோம் என்றார்கள். நான் அந்த லயத்தில்தான் பிறந்தேன். அம்மாவும் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். ஆனால் விண்ணப்பக்காரர் அப்பா. அவருக்குக் கிடைத்தால் எங்களுக்கும் உண்டு, அவருக்கு இல்லை என்றால் எங்களுக்கும் இல்லை. அப்பா விண்ணப்பம் போட்டபோது அவர் புத்தி கண்ணாடி மாதிரி இருந்தது. அன்றைக்கே கூப்பிட்டு விசாரித்திருந்தால் அந்த அதிகாரிக்கே நாலு விஷயம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருப்பார். அரசாங்கத்துக்கு என்ன அவசரம்? வருஷக்கணக்கில் இழுத்தார்கள்.

அதற்குள் அப்பா மறக்க ஆரம்பித்தார்.

முதலில் சின்னச் சின்னதாகத்தான். துண்டை எங்கே வைத்தேன் என்பார், துண்டு தோளில் இருக்கும். சொன்னதையே திரும்பச் சொல்வார். பிறகு ஒருநாள் மூட்டையைப் பிடித்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். கம்பி வேலையிலிருந்து எடுத்துப் புல் வெட்டப் போட்டார்கள். புல் வெட்டப் போன மலையிலிருந்து லயத்துக்கு வழி தெரியவில்லை. முப்பது வருஷம் நடந்த வழி. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது மட்டும் சரியாகப் போய் நிற்பார். சில நாள் சாயங்காலமும் போய், அந்தக் காலியான களத்தில் தனியாக நிற்பார். நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வருவேன்.

செய்கிற வேலை குறைந்தால் அரைப்பேர் போடுவது தோட்டத்து வழக்கம். அரைநாள் சம்பளம்தான். அப்பாவுக்கு அரைப்பேரே நிரந்தரமாகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, “இன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?” என்பதாக இருக்கும். அதை எங்களிடம் கேட்பார். அம்மா கூசாமல் “முழுப்பேருதாங்க” என்பாள்.

கங்காணி அவரைக் குடிகாரன் என்றார். தவறணைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன். எங்கள் ஆட்கள் மட்டும் என்ன? ஓடைக்கரையில் முனி அடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பூசாரி வந்து வேப்பிலை அடித்தார், தாயத்துக் கட்டினார், ஒரு சேவலைக் கொண்டுபோனார். அப்பாவை அடித்தது தோட்டத்துக் கொக்கி. பழியை முனி ஏற்றுக்கொண்டதில் துரைக்கு எவ்வளவு சௌகரியம்!

பழைய அடிக்கும் இந்த மறதிக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆறாத காயம் என்றால் தெரியும். ஆறி, மயிர் முளைத்து, வருஷங்கள் கழித்து உள்ளே வேலை செய்கிற காயம் எங்களுக்குத் தெரியாது. நெடுங்காலம் கழித்து, கடல் தாண்டி வந்த பிறகு, ஒரு டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

“எல்லாருக்கும் வரும்னு இல்லம்மா. ஆனா அப்படி அடிபட்டு நினைவு தப்பினவங்களுக்குப் பின்னாடி மறதி நோய் வர்றதுக்கு வாய்ப்பு கூடுதல். புதுசு முதல்ல போகும். சின்ன வயசு ஞாபகம் கடைசியாத்தான் போகும்” என்றார்.

அப்பாவின் தலைக்குள் இலங்கைதான் புதுசு. அங்கே உழைத்தது, கல்யாணம் கட்டியது, என்னைப் பெற்றது எல்லாமே புதுசு. பழசு என்று இருந்தது அந்தப் புளியமரத்து ஊர் ஒன்றுதான்.

விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியபோது எனக்குக் கொழுந்துக் கூடை முதுகில் ஏறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அம்மா நேராகத் தோட்டத் தலைவரிடம் போனாள். தொழிற்சங்கத்தில் எங்கள் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். லயத்தில் யாருக்கு விசாரணை வந்தாலும் அவர்தான் பாடம் நடத்துவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் தெரிந்தவர் மாதிரி பேசுவார்.

“தலையில அடிபட்டத மூச்சு விடாதீங்க. புத்தி சரியில்லன்னு தெரிஞ்சா கேள்வியே கேக்காம தள்ளிருவாங்க. தலப்பா கட்டிக் கூட்டிட்டுப் போங்க. பதிலப் பாடமாக்கிருங்க. மொத்தமே நாலு கேள்விதான்” என்றார்.

அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு இஸ்தோப்பில், அதாவது காம்பராவுக்கு முன்னால் உள்ள சின்னத் தாழ்வாரத்தில், விசாரணை நடந்தது. அம்மா கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் அதிகாரியாக உட்காருவாள். சும்மா கேட்டால் அப்பாவுக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. பெரட்டு மாதிரி நிற்கவைத்து, முதலில் பெயரைக் கூப்பிட்டுவிட்டுக் கேட்டால் விறைப்பாக நின்று சொன்னார். அதைக் கண்டுபிடித்தது அம்மாதான்.

“இங்க எவ்வளவு காலமா இருக்க?”

“சின்னப் புள்ளையா வந்ததுலருந்து இங்கதாங்க.”

“இந்தியாவுக்குப் போய் வந்தியா?”

“ஒருதரமும் போவலங்க.”

“அங்க ஒனக்குச் சொத்து சொகம் இருக்கா?”

“ஒன்னுமில்லங்க.”

“இனிமே எங்க இருக்கப் போற?”

“இங்கதாங்க இருப்பேன். எம் பொண்டாட்டி புள்ளைக்கு இதுதான் மண்ணு. செத்தாலும் இங்கதான்.”

அம்மா அதிகாரி மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு, “போப்பா, பாஸாயிட்ட” என்பாள். மூன்று பேரும் சிரிப்போம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் சந்தோஷம் இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. இருந்தது.

விசாரணை ஹட்டனில் ஒரு அரசாங்கக் கட்டடத்தில் நடந்தது. அப்பாவுக்கு வெள்ளை வேட்டி, கடன் வாங்கிய கோட்டு, தழும்பை மறைத்து இறுக்கிக் கட்டிய தலைப்பாகை. பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அம்மா அவர் காதில் பெயரைக் கூப்பிட்டு, கேள்வியைக் கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லாம் சரியாகச் சொன்னார்.

அதிகாரி சிங்களவர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் மூன்று பேரையும் உள்ளே விட்டார்கள். அப்பா நின்ற விதத்தைப் பார்த்தோ என்னவோ, மொழிபெயர்ப்பாளர் முதலில் அம்மாவிடம் கேட்டார்.

“இவருக்கு ஏதும் சுகமில்லையோ?”

“ஒன்னுமில்லங்கய்யா. நல்லா இருக்காரு” என்றாள் அம்மா.

அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் விறைத்து நின்றார். எவ்வளவு காலம் என்றார்கள், சரியாகச் சொன்னார். இந்தியாவுக்குப் போனீரா என்றார்கள், சரியாகச் சொன்னார். சொத்துக்கும் சரியான பதில். அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. இன்னும் ஒரே ஒரு கேள்வி. அந்த நேரம் பார்த்து பியோன் தேத்தண்ணி கொண்டுவந்தான். அதிகாரி கோப்பையை எடுத்தார், ஊதினார், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிதானமாகக் குடித்தார். எங்கள் மலையில் விளைந்த தேயிலைதான். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் அப்பா அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பார்க்க அவருடைய தோள் இறங்கியது. யாராவது இன்னொரு தடவை பெயரைக் கூப்பிட மாட்டார்களா என்று எனக்குள் தவித்தது. கூப்பிடவில்லை.

“இஞ்ச நிரந்தரமா இருக்கிற எண்ணமோ, திரும்பிப் போற எண்ணமோ?” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். யாரோ வேற்று ஆட்களைப் பார்க்கிற பார்வை. பிறகு சின்னப் பையன் மாதிரி கைகட்டிக்கொண்டார்.

“போன வருசந்தாங்க சித்தப்பா கூட்டியாந்தாரு. ஆத்தா அங்க தனியாக் கெடக்கு. இந்த மழ விட்டதும் ஊருக்குப் போயிருவேங்க.”

மொழிபெயர்ப்பாளருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். “எந்த ஊர்?” என்று மெதுவாகக் கேட்டார். ஊர்ப் பெயரையும், தெருவையும், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கிணற்றையும் அப்பா கடகடவென்று சொன்னார். எத்தனையோ வருஷமாக எங்களிடம் வாய் திறந்து சொல்லாத ஊர். அதிகாரி பேனாவை எடுத்தார்.

அம்மா பாய்ந்து போய் அப்பாவின் தலைப்பாகையைப் பிடுங்கினாள். “அய்யா, இவருக்குத் தலையில அடிங்க. கொழுந்துக் கம்பியில அடிபட்டவருங்க. பாருங்கய்யா, இங்க பாருங்க” என்று அந்தத் தழும்பைக் காட்டினாள். அப்பா தலையைக் குனிந்து கொடுத்தார், முடி வெட்டுகிறவனிடம் கொடுக்கிற மாதிரி.

அதிகாரி சிங்களத்தில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “முதல்ல ஒரு சுகயீனமும் இல்லை எண்டு சொன்னீங்கள். பதில் பிழைச்ச உடன தலையில அடி எண்டு சொல்லுறீங்கள். ஐயா எதை நம்பிறது?”

நான் பேச வாயெடுத்தேன். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். அடுத்த குடும்பம் வாசலில் வந்து நின்றது. அதில் இருந்த பெரியவரும் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் அப்பா உற்சாகமாக இருந்தார். நோர்வூட் தாண்டியதும் அம்மாவிடம் குனிந்து, “இன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?” என்றார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சில மாதங்களில் விண்ணப்பம் தள்ளுபடி என்று வந்துவிட்டது. நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணம் இல்லையாம். தலைவர் வந்து உதட்டைப் பிதுக்கினார். “நான் என்னத்தம்மா கண்டேன். அப்பீல் போட்டுப் பாக்கலாம்” என்றார். அப்பீல் போட்டால் அப்பாவைத்தானே மறுபடியும் நிறுத்த வேண்டும் என்று அம்மா கேட்டாள். அவர் எழுந்து போய்விட்டார். அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் லேசுப்பட்டது அல்ல. ஆனால் உண்மையை முதலிலேயே சொல்லியிருந்தால் மட்டும் அந்த அதிகாரி என்ன செய்திருப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தலை உடைந்தவனிடம் ஞாபகத்தைக் காட்டு, உரிமை தருகிறேன் என்று கேட்கிற சட்டம் அது.

தள்ளுபடி வந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை. நானும் அம்மாவும் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அப்பா முகம் கழுவி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இஸ்தோப்பில் வந்து விறைப்பாக நின்றார்.

“கேளு” என்றார் அம்மாவிடம்.

அம்மாவுக்கு விளங்கவில்லை. அவரே தன் பெயரை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டார். கேள்வியை அவரே கேட்டு, பதிலையும் அவரே சொன்னார். ஒன்றுகூடப் பிசகவில்லை. எவ்வளவு காலம், எத்தனை தரம், என்ன சொத்து என்று எல்லாம் வந்தது. கடைசிக் கேள்வியும் வந்தது.

“இங்கதாங்க இருப்பேன். எம் பொண்டாட்டி புள்ளைக்கு இதுதான் மண்ணு. செத்தாலும் இங்கதான்.” சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். எங்களைத் தெரிந்த பார்வை. “விசாரண என்னைக்கு? இந்தத் தடவ நான் தப்பு விடமாட்டேன்” என்றார்.

தப்பு விட்டது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் என்னைக் கொன்றது. மற்றதையெல்லாம் மறந்தவருக்கு அந்த ஒன்று மறக்கவில்லை. அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போனாள்.

“எல்லாம் சரியாச் சொல்லிட்டீங்க. இன்னைக்கு முழுப்பேரு” என்றாள்.

அதன் பிறகு அவர் வேகமாகத் தேய்ந்தார். சாப்பிடுவதை மறந்தார், நடப்பதை மறந்தார். அறுபத்து நாலில் இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு. எங்கள் வீடு இந்தியப் பங்கில் விழும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்பாதான் ஊர், தெரு, கிணறு எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தாரே. அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அவர் படுத்த படுக்கையிலேயே போனார். கடைசி நாட்களில் ஆத்தா என்று மட்டும் கூப்பிட்டார். அது அம்மாவையா, என்னையா, அந்த ஊரில் கிடந்தவளையா என்று கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

தோட்டத்து மயானத்தில், தேயிலைக்குக் கீழே, தெற்கே தலைவைத்துப் புதைத்தோம். வடக்கே தலைவைக்க மாட்டேன் என்ற சபதம் பாழாகவில்லை.

பிறகு எங்கள் முறை வந்தது. நானும் அம்மாவும் தலைமன்னாரில் கப்பலேறினோம். அப்பா வெறுத்த திசைக்கு, அவர் பேரைச் சொல்லி எங்களை ஏற்றி அனுப்பினார்கள். இங்கே எங்களைச் சிலோன்காரர்கள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நிரந்தரமாக இருக்கிற எண்ணமோ என்று அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் கேட்டார்களே, எங்கள் மூன்று பேரில் அந்த நாட்டில் நிரந்தரமாக இருப்பவர் அப்பா ஒருவர்தான்.